படையலில் வைத்த பாட்டு

மட்டக்களப்பு அன்டனுக்கு ஆறுதல் சொல்ல வராது. மற்றதெல்லாம் வரும். பதினெட்டுச் சில்லு லொறியைப் பனிப்புயலுக்குள் ரொறன்ரோ வரை ஓட்டிக்கொண்டுபோய், மறுநாள் சிரித்த முகத்தோடு மொன்றியலுக்குத் திரும்ப வரும். கித்தாரில் நாலு கோர்ட் பிடிக்க வரும். அந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒரு பிறந்தநாள் மண்டபத்தின் பாதிச் சனத்தை வெளியே குளிருக்குள் போய் நிற்கவைக்கவும் வரும். ஆனால் துக்க வீட்டுக்குப் போய், அழுகிறவர் பக்கத்தில் இருந்து இரண்டு நல்ல வார்த்தை சொல் என்றால் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் அதைவிட மோசம். ஒருமுறை, கூட வேலை செய்தவரின் தாய் இறந்த வீட்டில், "கவலைப்படாதீங்க தம்பி, எல்லாருக்கும் வாறதுதானே, உங்களுக்கும் வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத் திரும்பி வரும் வழி முழுவதும் அவருடைய மனைவி அக்னெஸ் கார்க் கண்ணாடிக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது இறந்திருப்பது நடராசா. யாரோ எவரோ என்றால் ஒரு மூலையில் இருந்து தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். நடராசா அப்படியா? யாழ்ப்பாணத்து நடராசாவும் மட்டக்களப்பு அன்டனும் அகதிகளாக வந்திறங்கிய புதிதில் மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் ஒரே அறையில், ஒரே மெத்தையில், முறைவைத்துப் படுத்தவர்கள். இரவு வேலைக்காரர் அன்டன் பகலில் படுப்பார். பகல் வேலைக்காரர் நடராசா இரவில். அன்டன் வேதக்காரர், நடராசா சைவக்காரர். ஒருவர் கும்பிடும் நேரத்தில் மற்றவர் குறட்டை விடுவார். சமயங்களுக்கிடையே இதைவிட நல்ல உறவை எந்த மாநாடும் உண்டாக்கியதில்லை.

பிறகு அன்டன் பக்கத்து நகரான லவாலில் வீடு வாங்கிப் போனார். நடராசா செயின்ட்-மிஷேலை விட்டு அசையவில்லை. வெளியே இரும்புப் படிக்கட்டு வளைந்து ஏறும் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், மனைவி மீனாம்பிகையோடு இருந்துகொண்டார். சனிக்கிழமை பின்னேரம் என்றால் அன்டன் கித்தாரோடு அங்கே போய்விடுவார். ஏனென்றால் அவருடைய பாட்டுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இரசிகர் நடராசாதான். சிறுவயதில் பங்குத்தந்தை ஒருவரிடம் இருந்த அமெரிக்க கன்ட்ரி இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் அன்டன். லொறி, நீண்ட றோட்டு, காத்திருக்கும் பெண், இந்த மூன்றும் இல்லாத பாட்டைப் பாட்டு என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த மூன்றையும் போட்டுத் தானே ஒன்றைக் கட்டி, முப்பது வருடமாக அதையே பாடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள். நடராசா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா எடும் அன்டன்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் சோபாவில் இருந்து ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது இடைவேளையில் கண்ணை மூடினார். மீனாம்பிகை தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனாள். கோப்பையோடு திரும்பி வந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. நடராசா இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆட்சி நகுலேஸ்வரனுடையது. நடராசாவின் தமையன். இல்-பிசார் தீவில் மகனோடு இருக்கிறார். வீடுகளெல்லாம் பெரிதாகவும், சனம் குறைவாகவும், பஸ் என்பது கேள்விப்பட்ட ஒரு பொருளாகவும் இருக்கிற இடம் அது. இந்தக் கிழமை மகன் லீவு போட்டுத் தகப்பனைக் காலையும் மாலையும் காரில் ஏற்றி இறக்கினான். கோயில் நிர்வாகசபைக்காரரான நகுலேஸ்வரனுக்குத் தெரியாத முறை இல்லை. எந்தத் திசையில் விளக்கு, எந்த நாளில் என்ன, யார் முதலில், யார் பிறகு என்று எல்லாம் அவருடைய நாக்கு நுனியில் இருக்கும். சாம்பிராணிக்குக் கத்திவிடக்கூடாதென்று கூரையில் இருந்த புகை அலாரத்துக்கு முதல்நாளே பொலித்தீன் பையால் முக்காடு போட்டுவிட்டார்.

அந்த முதல்நாளில்தான் அன்டனும் மாட்டிக்கொண்டார். இரண்டு மணித்தியாலம் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழும்பும்போது, பழக்கதோஷத்தில், "அப்ப நான் மறுகா வாறன் தங்கச்சி" என்றார். சொல்லி முடியவில்லை, நகுலேஸ்வரனின் கை அவருடைய முழங்கையைப் பிடித்துவிட்டது. படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனார்.

"அன்டன், உமக்குத் தெரியாதே? செத்த வீட்டிலை 'வாறன்' எண்டு சொல்லிறேல்லை. வாறன் எண்டால் என்ன அர்த்தம்? இன்னொரு சாவுக்கு வாறன் எண்டு. பேசாமல் எழும்பிப் போக வேணும்."

"எனக்குத் தெரியும் அண்ணன். எங்கட பக்கமும் அப்பிடித்தான். வாய் தவறிற்று."

"தவறக்கூடாது."

தவறக்கூடாதுதான். இந்த முறை தெரியாத தமிழர் யார்? அதன்படியே சனம் வந்தது, இருந்தது, எழும்பியது, செருப்பைக் கொழுவியது, போனது. ஏதோ களவெடுக்க வந்தவர்கள் மாதிரி ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. மீனாம்பிகை முகம் கழுவப் போவாள். வந்து பார்த்தால் கதிரை வெறுமையாக இருக்கும். வன்கூவரில் இருந்து வந்திருந்த மகள் சிவாஜினிக்கும் எட்டாம் நாள் முடிந்து விடியப் பிளேன். அவளையும் நகுலேஸ்வரன் கூப்பிட்டு வைத்து, "கொம்மாட்டைச் சொல்லாமல் இறங்கு பிள்ளை, எயார்போர்ட்டிலை இருந்து போன் எடுக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

இவ்வளவு சனம் வந்த வீட்டில் சாப்பாட்டுக்கா குறைவு? அடுப்பு எரிக்கக்கூடாத நாட்களென்று ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்தார்கள். குளிர்ப்பெட்டியைத் திறந்தால் இடியப்பம் முகத்தில் விழும். ஆனால் மீனாம்பிகை ஒன்றையும் தொடவில்லை. கெஞ்சினால் தேத்தண்ணி, வற்புறுத்தினால் அரைவாசி பிஸ்கட். அழுது குளறுகிற ஆளும் அல்ல. "பேந்து சாப்பிடுறன்" என்று மெல்லச் சொல்லித் தட்டைத் தள்ளி வைப்பாள். நீரிழிவு வருத்தக்காரி வேறு. அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வருவதை அன்டன் ஒவ்வொரு நாளும் பார்த்தார். பார்த்துக்கொண்டு கம்பளத்துக்குத் திரும்பிவிடுவார். அவருக்குத் தன்மேல் பெரிய வெறுப்பு வந்தது. இத்தனை வருடம் அவள் கையால் சாப்பிட்டவர், அவளை ஒரு வாய் சாப்பிட வைக்கத் தெரியாதவர்.

எட்டாம் நாள் காலையில் காரைவிட்டு இறங்கும்போது அக்னெஸ் சொன்னாள்: "இஞ்ச பாருங்க. இண்டைக்கு மீனா ஒரு வாய் சோறு தின்னோணும். தின்னாம நீங்க வீட்ட வராதீங்க."

"நான் என்ன செய்யிற?"

"எனக்குத் தெரியா. உங்கட கூட்டாளிர பெண்சாதி."

எட்டாம் நாளை எட்டுச் செலவு என்பார்கள். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு முறை மாறும்; நடராசா பக்கத்து வழக்கம், செத்தவருக்கு என்னென்ன விருப்பமோ அத்தனையும் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது. மச்ச மாமிசமும் உண்டு, மதுவும் உண்டு. உயிரோடு இருக்கும்போது டொக்டரும் மனைவியும் சேர்ந்து பறித்ததெல்லாம் ஒரே இலையில் திரும்பக் கிடைக்கும் நாள். அக்னெஸும் இன்னும் இரண்டு பெண்களும் விளைமீன் குழம்பு வைத்தார்கள், இறால் பொரித்தார்கள், ஆட்டிறைச்சி பிரட்டினார்கள். நகுலேஸ்வரன் அரைப் போத்தல் கொன்யாக்கைத் தன் கையால் திறந்து வைத்தார். விட்டுப் பத்து வருடமான சிகரெட்டில் ஒன்று கொளுத்திச் சாம்பல் தட்டில் வைக்கப்பட்டது. முக்காடு போட்ட அலாரம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது மீனாம்பிகை ஒரு கடதாசிப் பெட்டியைக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தாள். உருளைக்கிழங்குப் பொரியல், அதன்மேல் சீஸ் கட்டி, அதன்மேல் பழுப்புச் சாறு. பூட்டின். சந்திக் கடையில் சிவாஜினியை அனுப்பி வாங்கியிருந்தாள்.

"இதென்ன மீனா?" என்றார் நகுலேஸ்வரன்.

"பூட்டின், அத்தான்."

"அது தெரியுது. படையலுக்கு இது முறையில்லை."

"விருப்பமானதெல்லாம் வைக்கலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னவர்தான். நேற்று மட்டும் மூன்று தரம் சொன்னவர். தன் வாயால் கெட்ட தவளைபோல் ஒரு கணம் நின்றுவிட்டு, பெட்டியை மட்டும் எடுத்து, உள்ளே இருந்ததை இலையில் கவிழ்த்தார்.

"எல்லாம் சரி. கதவைச் சாத்துவம்."

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள் மீனாம்பிகை. "அன்டன் அண்ணையின்ரை பாட்டு. அதையும் வைச்சுப்போட்டுச் சாத்துவம்."

அறையில் இருந்த அத்தனை தலையும் அன்டன் பக்கம் திரும்பியது. அன்டன் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் கித்தார் கொண்டரல்ல."

"கார் டிக்கியிலதான் கிடக்கு," என்றாள் அக்னெஸ்.

"மீனா, திருவாசகம் படிச்சாச்சு," என்று நகுலேஸ்வரன் தொடங்கினார்.

"திருவாசகம் உங்களுக்கு விருப்பம், அத்தான். இவருக்கு இந்தப் பாட்டுத்தான்."

அவள் எட்டு நாளில் கேட்டது அந்த ஒன்றுதான். மறுக்க யாருக்கு மனம் வரும்? கித்தார் வந்தது. படத்துக்கு முன்னால் சம்மணம் கொட்டி இருந்து, குளிரில் இறங்கிப்போயிருந்த நரம்புகளை முறுக்கி, அன்டன் நண்பனின் படத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது. சிரிக்கவே சிரிக்காத முகம். வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பாடியாவது சொல்வோம் என்று நெஞ்சு கொஞ்சம் இளகியது. தொடங்கினார்.

*நீண்ட றோட்டில் நிலவும் இல்லை,*
*லொறிக்குள் நானே தனி.*
*கண்ணாடி துடைச்சுக் கையும் ஓயுது,*
*கொட்டுது வெள்ளைப் பனி.*

குரல் பிசிறவில்லை. நன்றாகத்தான் போனது. கை தானாகவே அடுத்த கோர்ட்டுக்கு மாறியது. வாய் தானாகவே பல்லவிக்குத் திறந்தது. வாசகர்கள் பல்லவி என்னவென்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். முப்பது வருடமாகப் பாடியவருக்குத்தான் அந்தக் கணம் வரை அது உறைக்கவில்லை. லொறிக்காரன் வீட்டைவிட்டு இறங்கும்போது மனைவிக்கு என்ன சொல்லுவான்? "போயிற்று வாறன் கிளியே, போயிற்று வாறன்" என்றுதான் சொல்லுவான். பல்லவி முழுக்க அதுதான். ஒரு தரம் அல்ல, வரிக்கு வரி.

செத்த வீட்டில், படையலுக்கு முன்னால், நகுலேஸ்வரன் பக்கத்தில் நிற்க, வாறன் வாறன் என்று பாடுவதா? பாடி, நாளைக்கு இந்த வீட்டில் யாருக்காவது ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் பழி யார் தலையில்? பாதியில் நிறுத்தவும் முடியாது. படையல் அரைகுறையாகக் கிடக்கும். திறந்த வாயை மூடாமல், கோர்ட்டை மறுபடி முதலாவதற்குத் திருப்பி, இல்லாத இரண்டாவது சரணத்தை அந்த இடத்திலேயே கட்டினார்.

*டொக்டர் சொன்னார் உப்பைக் குறை,*
*நடராசன் தலையை ஆட்டினான்.*
*மனிசி நித்திரை, மீன்குழம்பு ஊத்தி,*
*பூட்டினைத் திண்டு கதவைப் பூட்டினான்.*

யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிவாஜினி. நகுலேஸ்வரன் அவளைப் பார்த்தார். அவள் கையால் வாயைப் பொத்தினாள். தோள் மட்டும் குலுங்கியது. அன்டன் நெற்றி வியர்க்கப் பாடினார். மறுபடி பல்லவி வந்து வாசலில் நின்றது. மறுபடி அதைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

*சிவப்பில றோட்டைக் கடக்கப் பொலிஸ் மறிச்சான்,*
*பாசை தெரியாது பாவிக்கு.*
*'போஞ்சூர்' 'போஞ்சூர்' எண்டு சொல்லிச் சொல்லியே*
*டிக்கட் இல்லாமல் வந்தான் வீட்டுக்கு.*

இப்போது அறையே சிரித்தது. அடுப்படியில் இருந்த பெண்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. புலிவாலைப் பிடித்தவன் நிலை அவருக்கு. விட்டால் பல்லவி கடித்துவிடும். நடராசா பல்செட்டைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டது, மெற்றோவில் நித்திரையாகிக் கடைசித் தரிப்பில் இறங்கியது என்று ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துப் பாடினார். சந்தம் உடைந்தது, எதுகை ஓடிப்போனது. கன்ட்ரி பாட்டில் கதை நீளமாக இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் குழம்பில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"சோறு ஆறுது, அன்டன்," என்றார் நகுலேஸ்வரன் பல்லுக்குள்.

அன்டனிடம் இன்னும் ஒரே ஒரு கதைதான் மிச்சம் இருந்தது. அதைப் பாட அவர் நினைத்திருக்கவில்லை.

*பனி வழிச்சான், இடம் எடுத்தான்,*
*கதிரை வைச்சுக் காவல் நிண்டான்.*
*கார் இல்லாதவன் ஆருக்கு வழிச்சான்?*
*சனிக்கிழமை நான் வந்து விட வழிச்சான்.*

சிரிப்பு நின்றுவிட்டது. அது உண்மை. நடராசா ஒருநாளும் கார் வைத்திருந்ததில்லை. ஆனால் மாரிகாலம் முழுக்க, சனிக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு முன்னால் ஒரு காரளவு பனியை வழித்து, சாப்பாட்டுக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, அன்டன் வரும்வரை யன்னலில் நிற்பார். இப்படியொரு மனிதர் இருந்தார், இனி இல்லை என்பது அன்டனுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. பாட்டு நின்றுபோனது. கை மட்டும் நாலு கோர்ட்டையும் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. பாட ஒன்றும் இல்லை, பல்லவியைத் தவிர.

"அண்ணை, இன்னும் அந்த இடம் வரேல்லையே," என்றாள் மீனாம்பிகை.

அன்டன் அழுதுவிட்டார். "தங்கச்சி, அதை இஞ்ச பாட ஏலாது. அதில 'வாறன்' எண்டு வருகுது."

இப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. நகுலேஸ்வரன் கையை உயர்த்தி முன்னுக்கு வந்தார். "போதும். நல்ல வேளை, சொன்னீர். கித்தாரை வையும்."

"பாடுங்கோ அண்ணை," என்றாள் அவள்.

"மீனா! இது செத்த வீடு!"

"ஓம், செத்த வீடுதான், அத்தான். எனக்குத் தெரியாதே?" அவள் குரல் உயரவில்லை. "இந்த எட்டு நாளும் எத்தினை சனம் வந்தது. வந்த ஒருத்தரும் சொல்லிப்போட்டுப் போகேல்லை. முகம் கழுவிப்போட்டு வந்தால் ஆள் இல்லை. தேத்தண்ணி கொண்டு வந்தால் ஆள் இல்லை. இவரும் அப்பிடித்தான் போனவர், நான் தேத்தண்ணி கொண்டு வர முன்னம். நாளைக்கு என்ரை பிள்ளையும் சொல்லாமல் போகப்போறாள். இனி ஒருத்தரும் இந்தப் படி ஏறி வராயினம் எண்டு எனக்கு நெஞ்சுக்குள்ளை இறுகிப்போய்க் கிடக்கு. அது கிடக்கச் சோறு எப்பிடி இறங்கும்? ஒராளாவது வாறன் எண்டு சொல்லுங்கோவன்."

நகுலேஸ்வரனின் கை உயர்ந்தபடியே நின்றது. பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், தலையைத் தடவியது.

அன்டன் பாடினார். சளி சிந்திவிட்டு, கொஞ்சம் சுருதி பிசகி, பாடினார்.

*போயிற்று வாறன் கிளியே, போயிற்று வாறன்,*
*சோத்தை மூடி வை, போயிற்று வாறன்.*
*பனி கொட்டினாலும் பாதை மறைஞ்சாலும்*
*சொன்ன சொல் தவறாமல் போயிற்று வாறன்.*

யாரும் கூடச் சேர்ந்து பாடவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. முடிந்ததும் மீனாம்பிகை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப கதவைச் சாத்துங்கோ, அவர் சாப்பிடட்டும்" என்றாள். எல்லோரும் வெளியே வந்து ஒடுங்கிய நடைவழியில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அன்டன் அண்ணை."

"என்ன தங்கச்சி?"

"வாறன் எண்டு பாட்டிலை சொன்னாப் போதாது. எப்ப?"

"வெள்ளிக்கிழமை! ரொறன்ரோவால வந்து இறங்கினவுடன வாறன்."

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு மரக்கறி."

"எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் மீன்," என்றாள் அக்னெஸ்.

"அப்ப சனிக்கிழமை வாங்கோ, ரெண்டு சமயத்துக்கும் பொருந்தும்," என்றாள் மீனாம்பிகை. எட்டு நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது. பெரிய பகிடி ஒன்றும் அல்ல. ஆனால் நடைவழியில் நின்ற அவ்வளவு பேரும் அதற்குத் தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். கீழ்வீட்டுக்காரி செவ்வாய் என்றாள். இன்னொருத்தி கோயிலுக்குப் போகும் வழியில் வருவதாகச் சொன்னாள். சிவாஜினி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வைகாசியிலை வாறன் அம்மா, டிக்கெட் இப்பவே போடுறன்" என்று வாய்விட்டுச் சொல்லி, வாய்விட்டு அழுதாள். நகுலேஸ்வரன் சுவரில் சாய்ந்து நின்று, ஒன்றும் கேட்காதவர் மாதிரி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்து பந்தி நடந்தது. அக்னெஸ் ஒரு தட்டில் சோறும் விளைமீன் குழம்பும் போட்டு மீனாம்பிகையின் கையில் கொடுத்தாள். மீனாம்பிகை யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்து சோற்றைப் பிசைந்தாள். பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுடைய கண் வாசலில் இருந்தது. அன்டன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொழுது சாய்ந்தது. மகனின் கார் கீழே வந்து ஹோர்ன் அடித்தது. நகுலேஸ்வரன் கோட்டைப் போட்டார், தொப்பியைப் போட்டார், சப்பாத்தைக் கொழுவினார். மீனாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அறுபத்தெட்டு வருட முறை அந்த வாயைப் பூட்டுப் போட்டுப் பூட்டியிருந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை மீனாம்பிகை திரும்பத் தட்டில் வைத்தாள்.

அன்டனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோட்டும் போடாமல் படிக்கட்டில் பாய்ந்து இறங்கினார். மனிதரைப் பிடித்து நாலு கேள்வி கேட்பதென்றுதான் இறங்கினார். ஆனால் நகுலேஸ்வரன் காரில் ஏறவில்லை. ஒரு கையால் கைபிடியைப் பிடித்து, கரைந்த பனியில் வழுக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கி, நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். சப்பாத்தால் நிலத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அன்டன், இது றோட்டுத்தானே?"

"றோட்டுத்தான் அண்ணன்."

"படி வீட்டோடை சேர்த்தி. இது நகரசபையின்ரை இடம், என்ன?"

"நகரசபைதான்."

"அப்ப வீடில்லை."

"வீடில்லகா! என்னண்ணன் உங்களுக்கு?"

நகுலேஸ்வரன் தொப்பியைக் கழற்றினார். தலையை அண்ணாந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கோயில் நிர்வாகசபையில்கூட அவர் அப்படிக் கத்தியிருக்கமாட்டார், அந்தத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்:

"மீனா! புதன்கிழமை வாறன்!"

எதிர் வீட்டு பல்கனியில் ஒரு ஹெயிட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். காருக்குள் இருந்த மகன் கண்ணாடியை இறக்கினான். "அப்பா, புதன்கிழமை எனக்கு வேலை."

"நான் பஸ்ஸிலை வருவன்!"

"அங்கையிருந்து மூண்டு பஸ் மாறவேணும். பேந்து மெற்றோவும்."

"மாறுவன்! உனக்கென்ன?" மறுபடி அண்ணாந்தார். "மீனா! கேட்டதே? புதன்கிழமை!"

மேலே யன்னல் திறந்தது. மீனாம்பிகை எட்டிப் பார்த்தாள், கையில் தட்டு. பதில் வரவில்லை.

"கேக்கேல்லைப் போலை," என்றார் நகுலேஸ்வரன் கவலையோடு. அவருடைய மூக்குக் கண்ணாடி புகைத்துப்போய் இருந்தது. மேலே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. "ஏன் ஒண்டும் சொல்லுறாளில்லை? பிழையாய் ஏதும் நினைச்சிட்டாளோ?"

அன்டனுக்குக் கண்ணாடி இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"பொறுங்க அண்ணன்," என்றார். "அவட வாய் நிறையச் சோறு."